தமிழைத் தமிழில் பெயர்த்த நாள்

ஊரெல்லாம் ‘மைக் செட் ஷிபு’ என்று கூப்பிட்ட என் அண்ணனுக்கு,

நீ போய் ஓர் ஆண்டு ஆகப்போகிறது. ஐந்து நாள் எலிக்காய்ச்சல். ஆறாம் நாள் உன் ஸ்பீக்கர் பெட்டிகள் முன்னறையில் இருந்தன. நீ இல்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. இது ஒரு நன்றிக்காக எழுதுவது.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பா பழையபடி விடிவதற்குள் ரப்பர் பால் வெட்டப் போகிறார். உன் ஆம்ப்ளிஃபையரை விலைக்குக் கேட்டு குளத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். “அது கேடாக்கும், பாடாது” என்று அம்மா பொய் சொல்லி அனுப்பிவிட்டாள். முந்தின நாள்தான் அதில் பாட்டுக் கேட்டிருந்தாள்.

நம் சபையின் கன்வென்ஷன் நினைவிருக்கிறதா? மார்த்தாண்டத்துப் போதகர் தமிழில் பிரசங்கம் செய்வார். பக்கத்தில் ஒருவர் நின்று அதை வாக்கியம் வாக்கியமாக மலையாளத்தில் சொல்வார். வயதானவர்களுக்குத் தமிழ், பள்ளிப் பிள்ளைகளுக்கு மலையாளம். எல்லையோரத்து நம் பந்தலுக்கு இரண்டும் வேண்டும். அந்த வருடம் மலையாளத்தில் சொல்ல வேண்டிய உபதேசியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எம்.ஏ. படித்தவள் என்று என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

எனக்கு அப்போது சுத்தமான இரண்டு மொழிகள் இருந்தன. நாகர்கோவில் கல்லூரியில் என்னை ‘மலையாளத்துக்காரி’ என்றார்கள். திருவனந்தபுரத்தில் ‘பாண்டி’. இரண்டு இடத்திலும் வாயைத் திறக்குமுன் ஒவ்வொரு சொல்லையும் துடைத்து எடுத்தேன். கடைசியில் தமிழ் செய்தி வாசிப்பவர் போல வந்தது. மலையாளமும் அப்படியே. வீட்டில் பேசுவதை வீட்டிலேயே விட்டேன். கவிதைகள் எழுதினேன். யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய கவிதைகள்.

பத்து நிமிடம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு போதகர் தன் தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

“என் தகப்பனார் கடலிலிருந்து திரும்பவில்லை. என் தாய் வாசலில் நின்று கதறி அழுதாள்.”

நான் சொன்னேன்: “அப்பன் கடலுக்குப் போனவரு வரேல்ல. அம்மை நடையில நின்னு நெலவிளிச்சா.”

தமிழைத் தமிழிலேயே பெயர்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியவில்லை. நான்கு வாக்கியம், ஐந்து வாக்கியம். போதகர் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த பெண் ஒருத்தி என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: “மக்களே, அது எங்களுக்கு மனசிலாச்சு. இனி மலையாளத்துல சொல்லு!”

பந்தல் முழுக்கச் சிரிப்பு. மிச்சத்தை எப்படி முடித்தேன் என்று தெரியாது. எல்லோரும் போன பிறகு பந்தல் காலில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தேன். நீ வயரைச் சுற்றிக்கொண்டே வந்தாய்.

“எட்டி, என்னத்துக்குக் கரையுதே?”

“நீ கேக்கலியா? அந்நேரமே மைக்க ஆஃப் பண்ணியிருக்கலாம் இல்லியா?”

“ஆஃபா? நான் சவுண்டக் கூட்டில்லா வச்சேன்.”

“எதுக்கு? ஊரு சிரிக்கதுக்கா?”

“சிரிச்சது பின்னே. அதுக்கு முன்னே ஒரு சத்தமும் இல்ல, கவனிச்சியா? அவரு சொன்னப்ப ஆளுவ கேட்டுட்டு இருந்தாவ. நீ சொன்னப்ப அம்மையைக் கண்டாவ. பத்து வருசமா மைக் கெட்டுதேன், எனக்குத் தெரியாதா?” பிறகு வயர்ச்சுருளை என் தோளில் மாட்டினாய். “கரஞ்சது போதும். இதத் தூக்கு.”

வயரைத் தூக்கி வந்தேன். உன்னை நம்பவில்லை. மூன்று ஞாயிறு நான் ஆலயத்துக்குப் போகவில்லை. நான்காவது வாரம், அன்றைய பிரசங்கத்தைப் பதிவு செய்திருந்த பென் டிரைவைக் கொடுத்துவிட்டு, காஞ்சிரங்குளத்துக் கல்யாணத்துக்கு மைக் கட்டப் போனாய்.

கேட்டேன். முதல் பத்து நிமிடம் யாரோ ஒருத்தி. பிறகு ஐந்து வாக்கியங்களில் நான். அந்த வித்தியாசத்தை எப்படிச் சொல்வது? பத்து நிமிடமாக அவள் மூச்சே விடாமல் பேசியிருந்தாள். அந்த ஐந்து வாக்கியங்களில்தான் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

அன்று கவிதை நோட்டை மூடினேன். வேறொரு நோட்டில் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்வதை எழுதத் தொடங்கினேன். எதற்கென்று தெரியாது. ஆனால் காலையில் எழுந்ததும் முதலில் அந்த நோட்டைத் தேடினேன். நான் எதையும் அப்படித் தேடியதில்லை.

அதிலிருந்து இப்போது ஒரு கதை ஆகியிருக்கிறது. ஒரு சிறுபத்திரிகை எடுத்துக்கொண்டது. ஆசிரியர் அன்பாகவே எழுதியிருந்தார்: கதை பிடித்திருக்கிறது, உரையாடலை மட்டும் எல்லோருக்கும் புரியும் தமிழுக்கு மாற்றித் தாருங்கள்.

ஒரு வாரம் தூங்கவில்லை. என் முதல் கதை. மாற்ற அரை நாள் போதும், எனக்குத்தான் துடைக்கத் தெரியுமே. மாற்றியும் பார்த்தேன். கதைக்குள் இருந்த ஆட்கள் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

பிறகு, மாற்றாத கதையை அம்மாவுக்கு வாசித்தேன். அடுப்படியில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள்.

“இது ஆருக்க வீட்டுக் கத?”

“சும்மா, நான் எழுதினது.”

“நம்ம பேசுதது போலல்லா இருக்கு. இதையும் அச்சடிக்க ஆளு உண்டா?”

“தெரியாதும்மா.”

“அப்போ மிச்சத்த வாசி.”

நேற்று ஆசிரியருக்குப் பதில் எழுதினேன். மாற்ற முடியாது, மன்னிக்கவும். பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். அனுப்புமுன் மூன்று முறை அழித்து எழுதினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அனுப்பிய பிறகு பசித்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

அண்ணா, எப்படி எழுத வேண்டும் என்று நீ எனக்குச் சொன்னதே இல்லை. நான் எழுதிய எதையும் நீ வாசித்ததில்லை. நான் வெட்கப்பட்ட குரலை, வேறு யாரும் கேட்காதபோது நீ கேட்டாய். அதை நீ இருக்கும்போது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

அடுத்த கதையையும் தொடங்கிவிட்டேன். முதல் கதை அச்சில் வந்தாலும் வராவிட்டாலும் இது நிற்காது. இதில் நீ இல்லை, பயப்படாதே. என்றாவது உன்னை எழுதுவேன். அப்போது, இறந்தவன் என்று இரக்கப்பட்டு உன்னைத் துடைத்து நல்லவனாக்க மாட்டேன். நீ பேசின கெட்ட வார்த்தைகளோடும், என்னிடம் கேட்காமல் என் சைக்கிளை விற்று ஸ்பீக்கர் வாங்கின கதையோடும், உன்னை அப்படியே எழுதுவேன். இது சத்தியம்.

உனக்க தங்கச்சி,
ஜினி