பர்வீன் என்று செதுக்குங்கள்

தஃப்த்,
மெஹ்ர் 12

குர்பான் அலி அவர்களுக்கு,

சலாம். தம்பி வீட்டில் மாதுளை பறிப்பு நடக்கிறது, நலமாகத்தான் இருக்கிறேன். நான் ஓடிப்போய்விட்டதாக ஊரெல்லாம் சொல்கிறீர்களாமே. ஓடவில்லை, பஸ்ஸில்தான் வந்தேன்.

நம் இருவருக்கும் முன்கூட்டியே கல்லறை இடம் வாங்கினீர்கள், சரி. கல்லைக் காட்டக் கூட்டிப்போனீர்கள், அதுவும் சரி. உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'அக்தஸ்' என்று செதுக்கியிருந்தது. கல்தச்சர், "எப்படிம்மா இருக்கு?" என்றார். "நல்லாத்தான் இருக்கு. இந்தப் பொம்பளை யாரு?" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அதனால்தான் கிளம்பினேன்.

பர்வீன்


யஸ்த்,
மெஹ்ர் 20

அன்புள்ள அக்தஸுக்கு,

நீ தேநீர் போடும் சமோவார் ஆறிக் கிடக்கிறது. என் தங்கையும் பர்வீன். கல்யாணத்தன்று, "ஒரே வீட்டுல ரெண்டு பர்வீனா? கூப்பிட்டா யாரு வருவா?" என்று அம்மா உன் பெயரை அக்தஸ் என்று மாற்றினாள். இத்தனை காலம் அதற்குத் திரும்பிப் பார்த்தவள்தானே நீ? செதுக்கியதை அழிக்க முடியாது. வந்துவிடு.

குர்பான் அலி


தஃப்த்,
மெஹ்ர் 28

குர்பான் அலி அவர்களுக்கு,

அக்தஸுக்கு வந்த கடிதத்தைத் தெரியாமல் பிரித்துவிட்டேன். அப்படி இங்கே யாரும் இல்லை.

என் அப்பா ராத்திரியில் வயல்களுக்குத் தண்ணீர் முறை பிரித்தவர். கடிகாரம் கிடையாது. வானத்தில் கார்த்திகை மீன்கள் எழுந்தால் அடுத்தவர் முறை. அந்த மீன்களைத்தானே நாம் பர்வீன் என்கிறோம்? அவை எழுந்த வேளையில் நான் பிறந்தேன். மடையை மாற்றிவிட்டு, சேற்றுக்காலோடு ஓடிவந்து என் காதில் அந்தப் பெயரைச் சொன்னாராம். என்னைக் கேட்காமல் உங்கள் வீட்டார் பிடுங்கிக்கொண்டது அதைத்தான். யாரும் சொல்லித்தராமல் எழுத்துக்கூட்டப் பழகி, நான் முதலில் எழுதியதும் அதைத்தான்.

கல் மாறாமல் வர மாட்டேன். அதன் கீழே படுக்க வேறு எந்த அக்தஸையாவது தேடிக்கொள்ளுங்கள்.

பர்வீன்


யஸ்த்,
ஆபான் 9

பர்வீனுக்கு,

எழுதக் கை தயங்குகிறது. பழகிக்கொள்வேன்.

புதுக் கல் தயார். கல்தச்சர், "என்ன பெரியவரே, ரெண்டாம் கல்யாணமா?" என்றார். "இல்லப்பா, முதல் பொண்டாட்டியே திரும்பி வரா" என்றேன்.

தங்கைக்குக் கோபம். "அண்ணி என் பேரை எடுத்துக்கிட்டாளா?" என்றாள். "அவ உனக்கு மூத்தவ. நீதான் அவ பேரை வச்சிருக்க" என்றேன். அம்மா இருந்தபோதே சொல்லியிருக்கலாம்.

குர்பான் அலி


தஃப்த்,
ஆபான் 15

அன்புள்ள குர்பான் அலி அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை வருகிறேன். கல்லுக்கு என்ன அவசரம், அது காத்திருக்கட்டும். நீங்கள் பஸ் நிலையத்துக்கு வாருங்கள். கூட்டத்துக்கு நடுவே நின்று என் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுங்கள். எத்தனை பர்வீன்கள் வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கட்டும்.

பர்வீன்