பிற்பாதி என்னிடம் இருக்கிறது

ஜனவரி 7, செவ்வாய்

சேர்ந்துவிட்டேன். இஃப்ரா விடவில்லை. ஆய்வகத்தில் என் பக்கத்து மேசைக்காரி. என்னைவிட இருபது வயது சின்னவள். தோல் தொழிற்சாலைகளிலிருந்து வந்த காலைக் கழிவுநீர் மாதிரிகளை நான் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோதே கைப்பேசியை வாங்கி, அவளே என்னை வாசிப்புக் குழுவில் சேர்த்துவிட்டாள். "மாசத்துக்கு ஒரு தலைப்பு, ஒரு புக்கு. அவ்ளோதான் மேடம். நீங்க படிக்காத புக்கா?"

வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் ஆட்கள் முப்பது பேர் இருப்பார்கள். இந்த மாதத் தலைப்பு: நீல அட்டை போட்ட புத்தகம்.

அட்டை நிறம் பார்த்துப் படிப்பதா? புடவையா எடுக்கிறோம்?

இஃப்ராவிடம் ஒன்றைச் சொல்லவில்லை. அம்மா போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு நான் ஒரு புத்தகத்தையும் முடிக்கவில்லை. ஆரம்பிக்கிறேன், முப்பது நாற்பது பக்கம் போகிறது, மூடி வைக்கிறேன். அப்புறம் திறப்பதில்லை.

ஜனவரி 30, வியாழன்

நீல அட்டை பாதிகூடத் தாண்டவில்லை. குழுவில் 'வேலை ஜாஸ்தி' என்று போட்டேன். வேலை ஒன்றும் ஜாஸ்தி இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

இந்த மாதம் 'ஆறு ஓடும் கதை'. குழுவில் செந்தில்குமார் என்று ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அதற்குள் மூன்று புத்தகம் முடித்து, மூன்றுக்கும் மதிப்பெண் போட்டிருக்கிறார். ஆம்பூரில் பள்ளி ஆசிரியையாக இருந்த அக்தர் பானு அம்மா குரல்செய்தி அனுப்பினார்: "நம்ம ஆத்துலதான் தண்ணி இல்ல. புக்குலயாவது ஓடட்டும்."

தனியாகச் சிரித்தேன். புத்தகம் மட்டும் நகரவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

மார்ச் தலைப்பு வந்துவிட்டது: பாதியில் நின்ற புத்தகம்.

எனக்கென்றே வைத்தது போல இருக்கிறது. பாதியில் நின்றவை இந்த வீட்டில் ஒரு அலமாரி நிறைய. ஆனால் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது வேறு. பீரோவில் அம்மாவின் புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்து வந்து எதிரே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பழுப்புத் தோல் போட்ட பிற்பாதி.

எனக்கு அப்போது பதினைந்து, கிறிஸ்டினா அக்காவுக்குப் பத்தொன்பது. அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். ஒரு சம்பள நாளில் பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு தடித்த நாவல் வாங்கி வந்தார். அட்டை இல்லை, முதல் தாளும் இல்லை. பெயர் தெரியாது, எழுதியவர் தெரியாது. அன்று சாயங்காலமே அக்காவும் நானும் அதைப் பிடித்து இழுத்ததில் உட்கார்ந்திருந்த பாய் கிழிந்தது. அப்பா தோல் வெட்டும் கத்தியை எடுத்தார். அதன் முதுகில் வைத்து ஒரே இழுப்பு. புத்தகம் இரண்டாகிவிட்டது.

அம்மா அடுப்பிலிருந்து ஓடி வந்தாள். "இன்னாங்க இது! வாங்கிக் குடுக்கறதும் நீங்க, வெட்டறதும் நீங்களா?"

"ரெண்டு காலுக்கும் ஒரே செருப்பையா போடுவாங்க சவுரி? பெரியவளுக்கு லெஃப்ட்டு, சின்னவளுக்கு ரைட்டு."

"பின்னாடிலருந்து எப்படிப்பா படிக்கறது?" என்று நான் அழுதேன்.

"நடக்க நடக்கப் பழகிடும்."

மறுநாள் கம்பெனியில் மிஞ்சிய துண்டுத் தோல் கொண்டு வந்து, முற்பாதிக்குக் கறுப்பும் பிற்பாதிக்குப் பழுப்புமாகப் போட்டு மெழுகு நூலால் தைத்துக் கொடுத்தார். அக்கா ஒரு சட்டம் போட்டாள். அவரவர் பாதியை முடித்த பிறகுதான் மாற்றிக்கொள்வது. அதுவரை ஒருத்திக்கு ஒருத்தி கதையைச் சொல்லக் கூடாது.

நான் இரண்டே நாளில் முடித்தேன். அக்காவுக்கு அதற்குள் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். முகூர்த்தப் புடவை, மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பு, கல்யாணம். பெட்டியில் கறுப்புப் பாதியையும் வைத்துக்கொண்டு நாட்றம்பள்ளி போய்விட்டாள். பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், "எங்க என் பாதி?" "நீ மொதல்ல உன்னுத குடு." வருடக்கணக்காக அதுவே விளையாட்டு. யார் முதலில் கொடுப்பது என்ற வீம்பு. எப்போது நின்றது என்று ஞாபகமில்லை.

என் பாதி இப்படித் தொடங்குகிறது: "என்று சொல்லிவிட்டு மரகதம் உள்ளே போனாள்."

என்ன சொல்லிவிட்டுப் போனாள்? கல்லூரி விடுதியில் படுத்துக்கொண்டு எத்தனை விதமாக யோசித்திருப்பேன். சாபமா, சபதமா? ஏனென்றால் என் பாதி முழுக்க அவள் வாயே திறப்பதில்லை. கடைசியில் ஒரு பெட்டியோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அப்படிப்பட்டவள் கடைசியாகச் சொன்னது பெரிதாகத்தானே இருக்க வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

படம் எடுத்துக் குழுவில் போட்டேன். செந்தில்குமார் உடனே: 'தலைப்பும் ஆசிரியரும் இல்லாத நூலை எப்படிச் சேர்ப்பது? அதுவும் பாதி.' இஃப்ரா தீர்ப்புச் சொன்னாள்: மாத முடிவுக்குள் மற்ற பாதியைப் படித்தால் சேரும்.

அக்தர் பானு அம்மா போனிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"மீதி யார்கிட்ட இருக்குது மா?"

"அக்காகிட்ட. இருந்தா."

"அக்கா எங்க, துபாயா?"

"நாட்றம்பள்ளி."

"அட! கிருஷ்ணகிரி பஸ்ல ஏறி உக்காந்தா ஒரு தூக்கம். இதுக்கா இவ்ளோ பேஜாரு?"

பேஜார் பஸ்ஸில் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

மார்ச் 6, வியாழன்

அக்காவுக்கு ஒரு வரி அனுப்பினேன். 'அந்தப் புத்தகத்தின் முதல் பாதி இன்னும் இருக்கிறதா?'

அதற்கு மேலே பார்த்தால் மூன்று வருடமாகக் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் ஈஸ்டர் மெழுகுவத்தியும்தான். ஒருவர் அனுப்பியதை இன்னொருவருக்குத் தள்ளிவிட்ட படங்கள். ஒரு சொந்த வார்த்தை இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்டாளே, அதுதான் கடைசி. "எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான்டி நீ என்னக் கூப்புடுவே."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவள் மகளுக்குப் பரீட்சை நேரம். அம்மாவுக்கு அதற்கு முன்னாலும் இரண்டு முறை அப்படி உடம்புக்கு முடியாமல் போய்ச் சரியாகியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அக்கா அலறிக்கொண்டு வந்து நிற்பாள், அம்மாவும் சேர்ந்து பயப்படுவாள். இந்த முறை ராத்திரியே கூப்பிட வேண்டாம், காலையில் பார்க்கலாம் என்று நினைத்தேன். காலையில் அவள் வந்து சேர்ந்தபோது அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. நான் இன்னா ஜோசியமா பார்த்தேன்? எட்டு வருசம் கூட இருந்தது யாரு? மாத்திரை குடுத்தது யாரு, குளிப்பாட்டுனது யாரு? வந்து நின்னு ஒரு வார்த்தையில எல்லாத்தையும் —

போதும்.

மார்ச் 13, வியாழன்

பதில் வந்தது. 'இருக்குது. குடுக்க மாட்டேன். வேணும்னா வந்து படிச்சிட்டுப் போ.'

நான்கு தரம் படித்தேன். கோபமாக எழுதியதா, பழைய விளையாட்டா? எழுத்தில் குரல் கேட்பதில்லை.

மார்ச் 22, சனி

நாளை போகிறேன். பழுப்புப் பாதியைப் பையில் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்திருக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

இப்போதுதான் திரும்பினேன். பஸ்ஸிலேயே கொஞ்சம் எழுதியிருக்கலாம். கை வரவில்லை.

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து புறப்படும்போது என்ன பேசுவது என்று நாலைந்து வாக்கியம் தயார் செய்தேன். ஆம்பூர் வந்ததும் ஜன்னலில் தோல் வாசனை. தினமும் அதிலேயே வேலை செய்கிறேன், தெரிவதே இல்லை. இன்று மட்டும் அப்பாவின் சட்டையை முகர்ந்தது போல இருந்தது. தயார் செய்ததெல்லாம் மறந்துவிட்டது.

அக்கா வாசலில் நின்றாள். தலை முழுக்க நரைத்திருக்கிறது. சாயம் போடுவதை எப்போது விட்டாள்?

"வா. தவக்காலம், கறி ஆக்கல. சாம்பார்தான்."

"சரிக்கா."

அக்கா வீட்டுக்காரர் செல்வகுமார் மாமா, "வாம்மா ஷர்மிளா, வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, அக்கா பார்த்த பார்வையில் மோட்டார் கடைப் பக்கம் போய்விட்டார். சாப்பாடு முடியும் வரை வெயில், பஸ், பருப்பு விலை. பிறகு அவள் உள்ளே போய்க் கறுப்புப் பாதியைக் கொண்டு வந்து என் மடியில் போட்டாள். முறத்தில் மொச்சையை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினாள். தோல் அப்படியே இருந்தது. அப்பாவின் தையலில் ஒன்றுகூட விடவில்லை.

முதலிலிருந்து படித்தேன். எனக்கு நம்ப முடியவில்லை. இந்த மரகதம் ஓயாமல் பேசுகிறாள். பால்காரனைக் கேலி செய்கிறாள், மாமியாரைப் போல நடித்துக் காட்டுகிறாள்.

"இன்னாடி, சிரிக்கிறே?"

"இவ இப்படி வாயாடியா?"

"அம்மா மாதிரியே இல்ல? குழாயடியில கம்பெனி சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டுவாங்களே, ஒரு கைய இடுப்புல வெச்சிக்கிட்டு. தெருவே சிரிக்கும்."

ஆமாம். நானும் பார்த்திருக்கிறேன். எப்படி மறந்தேன்? அம்மா என்றால் எனக்கு மாத்திரை டப்பாவும், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் முதுகும்தான் நினைவுக்கு வருகிறது. அந்த எட்டு வருடம் அதற்கு முந்தியதையெல்லாம் மூடிவிட்டது. அக்கா அந்த எட்டு வருடத்தைக் கூட இருந்து பார்க்கவில்லை. அவளிடம் மற்ற அம்மா அப்படியே இருக்கிறாள்.

பொறுக்க முடியாமல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பின்னாலிருந்து படித்துப் பழகியவள்தானே. கடைசி வரி:

"பாலைப் பார்த்துக்கொள், பொங்கிவிடும்"

அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மரகதம் உள்ளே போயிருக்கிறாள். முப்பது வருடத்துக்கு மேல் நான் சபதம் சபதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் பாதியைப் பையிலிருந்து எடுத்து, "அக்கா, இதுக்கு அடுத்த வரி என்ன தெரியுமா?" என்றேன்.

"சொல்லாத." மொச்சைக் கையால் என் வாயைப் பொத்தினாள். "நானே படிச்சிக்கிறேன்."

கையை எடுத்தவள் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"இத சொல்லாத. அத சொல்லு."

"எத?"

"அம்மா கடைசியா இன்னா சொன்னாங்க?"

மூன்று வருடத்தில் இதை அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"பெரிசா ஒண்ணும் இல்லக்கா."

"சின்னதா இன்னா சொன்னாங்க?"

சொன்னேன். கட்டில் பக்கத்தில் நான் படித்துக்கொண்டிருந்தேன். மே மாத வெயில், ஃபேன் முழு வேகத்தில். பக்கம் படபடவென்று அடித்தது, கட்டை விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன். தூங்குகிறாள் என்று நினைத்த அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். "ஃபேன கம்மி பண்ணிக்கடி. பக்கம் பறக்குது." அவ்வளவுதான். திரும்பக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவங்களா சொன்னாங்க?"

"ஆமா."

"ஃபேன் ஒரு பாயின்ட்டு கம்மியானாலும் வீட்டையே ரெண்டாக்குவாங்களே. அவங்களா கம்மி பண்ணச் சொன்னாங்க?"

"பண்ணேன். உடனே வேர்த்துடுச்சி அவங்களுக்கு. திரும்ப ஜாஸ்தி பண்ணிட்டேன்."

அக்கா புடவைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் முறத்தை இழுத்து மொச்சை உரித்தேன். அவள் தலைப்பை எடுக்காமலே கேட்டாள்.

"அன்னிக்கு நீ படிச்ச புக்கு இன்னா ஆச்சி?"

"முடிக்கலக்கா."

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கறுப்புப் பாதியை என் பையில் அவளே வைத்தாள். பழுப்பை எடுத்துக்கொண்டு, "ரைட்டு என்கிட்ட, லெஃப்ட்டு உன்கிட்ட. அப்பா பார்த்தா திட்டுவாரு, மாத்திப் போட்டுக்கினீங்களேன்னு" என்றாள்.

மார்ச் 31, திங்கள்

குழுவில் போட்டேன். தலைப்பு: தெரியாது. ஆசிரியர்: தெரியாது. நிலை: படித்துக்கொண்டிருக்கிறேன். செந்தில்குமார் ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினார். இஃப்ரா என்னைச் சேர்த்துக்கொண்டாளா என்று பார்க்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். படம் வரவில்லை. அக்காவே கூப்பிட்டாள்.

மே 4, ஞாயிறு

மதியம் அக்காவின் குரல்செய்தி: "ஷர்மி, மரகதம் பொட்டி கட்டிட்டா. பேச்சே இல்லடி இவகிட்ட, எனக்குப் பயமா இருக்குது. எங்க போறா? வேணா, வேணா. சொல்லாத."

சொல்லவில்லை.

எனக்கு இன்னும் பத்துப் பக்கம்தான் பாக்கி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மரகதம் வாசலுக்கு வந்துவிட்டாள். வேண்டுமென்றே மெதுவாகப் படிக்கிறேன்.

இன்று கத்திரி தொடங்குகிறது. இந்த வெயிலில் ஃபேனைக் கம்மியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் வேலூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பக்கம் பறக்கவில்லை.