பொது வார்டில் அப்பா

மகனுக்கு,

போனில் பேசினால் நீ சத்தம் போடுகிறாய், நானும் வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதி, இங்குள்ள நர்ஸிடம் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன்.

தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து நீ ஏற்பாடு செய்த ஆம்புலன்ஸ் நேற்று வந்தது. அப்பா ஏற மறுத்துவிட்டார். "இந்த வார்டு நான் எம்.எல்.ஏ.யா இருந்தப்ப ஜெபிச்சுக் கெட்டினது. நானே எழும்பிப் போனா, நாளைக்கு எந்த ஏழை இதை நம்பி வருவான்? வண்டியத் திருப்பி விடு, பிள்ளே" என்று என்னிடம் சொன்னார்.

நம் திருச்சபையில் சாதிக்கொரு பெஞ்சு கிடந்ததை எடுக்க வைத்தவர். இங்கே வசதியுள்ளவர்களுக்குத் தனி அறை கட்டச் சிலர் சொன்னபோதும், கர்த்தருடைய பந்தியில் தனி இலை கிடையாது என்று எல்லாக் கட்டிலையும் ஒரே ஹாலில் போட வைத்தார். உனக்குத் தெரியாததல்ல.

பக்கத்துக் கட்டிலில் வேலப்பன் என்று ஒருவர், ஆரியசாலைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அப்பா யாரென்று அவருக்குத் தெரியாது. "பெரியவரே, ஃபேன் காத்து எனக்குத்தான் அடிக்கி. நீரு இங்க வந்து கிடயும்" என்று கட்டிலை மாற்றிக் கொடுத்தார். அன்று முழுக்க அப்பா சிரித்த முகமாக இருந்தார்.

டாக்டர் சுமியிடம் தனியாகக் கேட்டேன். "அங்க கொண்டு போனாலும் இதே மருந்துதான் அம்மா" என்றாள். இப்போது அவள் புதிதாக எதுவும் எழுதுவதில்லை. வலி இல்லாமல் பார்த்துக்கொள்கிறாள். அப்பாவுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாய். இந்த வாரமே வந்தால் நல்லது. வந்ததும் ஆம்புலன்ஸ் பேச்சை எடுக்காதே. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்.

அம்மா