ஒன்பது நாளாகக் கேட்கும் கடவுச்சொல்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அலுவலகக் கணினியில் மின்னஞ்சல் கடவுச்சொல் கேட்டது. தொடர்ந்து ஒன்பதாவது வேலைநாள். ‘நினைவில் வை’ என்ற கட்டத்தில் குறியிட்டேன், சேமித்தேன் என்று சொன்னது, காலையில் யாரோ அன்னியரைப் பார்ப்பதுபோல் மறுபடி கேட்கிறது.

இதுவரை எரிச்சல் மட்டும்தான். இன்று அப்படி இல்லை. நேற்று மாலை எங்கள் நீர் ஆய்வகத்திலிருந்து ஒரு பள்ளிக்கு, அதன் குடிநீர்த் தொட்டியில் கிருமி இருப்பதாக அறிக்கை அனுப்பினேன். அனுப்பியதாக நினைத்தேன். நேற்றுக் காலையிலேயே வந்து, நான் கவனிக்காத கடவுச்சொல் பெட்டி வேறு சாளரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்க, கடிதம் இங்கேயே கிடந்திருக்கிறது. இன்று பத்து மணிக்குத்தான் போனது. அதற்குள் பிள்ளைகள் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டார்கள். மூன்று முறை தொலைபேசியில் விசாரித்தேன். யாருக்கும் ஒன்றும் இல்லை.

இயக்குநர் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

“மாசக் கடைசியில பிரிவுப் பொறுப்பு யாருக்குன்னு எழுதியாகணும். இப்படி நடந்தா உங்க பேரை நான் எந்த வாயால சொல்றது? வயசானா இதெல்லாம் சகஜம்தான், இல்லேங்கலை…”

அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர்.

மார்ச் 5, புதன்

கணினிப் பராமரிப்பாளர் வந்தார். எது கெட்டாலும் அப்டேட்டைக் காரணம் சொல்வதால் அவருக்கு ‘அப்டேட்’ என்றே பெயர். மின்னஞ்சல் நிரலை மூடினார், திறந்தார். கேட்கவில்லை. மறுபடி மூடினார், திறந்தார். கேட்கவில்லை.

“பாருங்க மேடம், நல்லாத்தானே இருக்கு. நீங்க டிக் பண்ண மறந்திருப்பீங்க. எங்கம்மாவும் இப்படித்தான்.”

அவருடைய அம்மாவுக்கு எழுபதாவது இருக்கும்.

மார்ச் 6, வியாழன்

கேட்டது.

மார்ச் 7, வெள்ளி

வீட்டில் சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். “மறதி அதுக்கா, உனக்கா? முதல்ல அதைக் கேளு” என்றார். சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனிமங்களை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். ஐம்பது வரை தடுமாறவில்லை. ஆனாலும் — ஒருவேளை நான்தானோ? குறியிட்டதாக நினைத்துக்கொண்டு குறியிடாமல் விடுகிறேனோ?

இருக்கலாம். என்னையும் சந்தேகிக்கத்தான் வேண்டும். ஒரு நீர் மாதிரி விசித்திரமான முடிவு தந்தால் ஆய்வகத்தில் என்ன செய்கிறோம்? எடுத்தவர், கருவி, புட்டி — ஒவ்வொன்றாகத் தனியே பிரித்துச் சோதிக்கிறோம். அதையே இதற்கும் செய்தால் என்ன?

மார்ச் 10, திங்கள்

முதல் சோதனைப் பொருள்: நான்.

நுண்ணுயிர்ப் பிரிவுத் தோழியைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் கண்ணெதிரே குறியிட்டேன். தேதி, நேரம் எழுதி, சாட்சிக் கையெழுத்துக் கேட்டேன்.

“என்னடி இது, பதிவுக் கல்யாணமா? சாட்சியெல்லாம் கேக்கிறே!”

“போடுடி.”

போட்டாள். மாலையில் வழக்கம்போல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

கேட்டது!

இவ்வளவு சந்தோஷமாக நான் கடவுச்சொல் அடித்ததே இல்லை. நான் இல்லை. நான் இல்லவே இல்லை.

ஆனால் அவள் கணினியிலும் இதே நிரல்தான். அவளிடம் கேட்பதில்லை. ஏன்?

மார்ச் 12, புதன்

எல்லோரும் போகட்டும் என்று ஐந்தரை வரை இருந்தேன். திரைகளெல்லாம் கறுப்பு. மேசைக்கு அடியில் பார்த்தால் மற்றவர்களின் பத்துக் கணினிப் பெட்டிகளிலும் பச்சைப் புள்ளி எரிகிறது.

யாரும் கணினியை அணைப்பதே இல்லை! திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போகிறார்கள். காலையில் இந்தப் பழைய பெட்டிகள் விழித்தெழப் பத்து நிமிடமாகிறதே, அதற்குச் சோம்பல். கருவியை முழுதாக அணைத்து, உறை போர்த்திவிட்டுப் போகும் ஆள் இந்த மாடியில் நான் ஒருத்திதான்.

இன்று நானும் திரையை மட்டும் அணைத்தேன். ஏதோ களவு செய்வதுபோல் இருந்தது.

மார்ச் 13, வியாழன்

கேட்கவில்லை.

மதியம் முழுதாக அணைத்துத் திறந்தேன் — கேட்டது. நிரலை மட்டும் மூடித் திறந்தேன் — இல்லை. இப்படி மாற்றி மாற்றி ஐந்து முறை. ஐந்துக்கு ஐந்து.

அப்படியானால் கணினி விழிக்கும்போது ஏதோ ஒன்று துடைக்கிறது. தொடங்கும்போது தானாக ஓடும் நிரல்களின் பட்டியலைத் திறந்தேன். வேண்டாத கோப்புகளைச் சுத்தம் செய்யும் நிரல் ஒன்று. நிறுவிய தேதி பிப்ரவரி 19. மறுநாளிலிருந்து மார்ச் 4 வரை வேலைநாட்களை எண்ணினேன். ஒன்பது. அதன் அமைப்புகளில் ‘சேமித்த கடவுச்சொற்கள்’ என்ற வரிக்கு எதிரே அழகாக ஒரு குறி.

அப்டேட்டிடம் காட்டினேன்.

“அது எல்லா மெஷின்லயும் போட்டிருக்கேன் மேடம். அதுதான் காரணம்னா எல்லாருக்கும்ல போயிருக்கணும்?”

“போகும். அணைச்சாப் போகும்.”

சிரித்துவிட்டுப் போய்விட்டார். என் கணினியில் மட்டும் அந்தக் குறியை எடுத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் “அம்மாவுக்கு ஒருவழியா டிக் பண்ண வந்துடுச்சு” என்றுதான் கதை நிற்கும். ஞாயிறன்று கம்பி மாற்றக் கட்டடம் முழுக்க மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். எல்லாப் பெட்டியும் அணைந்தே தீரும்.

ஒரு தாளில் எழுதி இயக்குநரிடம் கொடுத்தேன்: ‘திங்கள் காலை பத்துக் கணினிகள் கடவுச்சொல் கேட்கும். என்னுடையது கேட்காது. தவிர்க்க விரும்பினால் இன்றே அந்தக் குறியை நீக்கலாம்.’

“என்னங்க, ஜோசியமா?”

“இல்ல சார். பரிசோதனை.”

மேசை இழுப்பறையில் போட்டார். யாரும் எதையும் நீக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

பத்துக்குப் பத்து.

அதுகூடப் பெரிதில்லை. மாதக்கணக்காக யாரும் அடித்தே பார்க்காததால் ஒருவருக்கும் தன் கடவுச்சொல் நினைவில்லை! தோழி பூனையின் பெயரைப் போட்டுப் பார்த்தாள், பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தாள், மூன்றாம் முறை கணக்கே பூட்டிக்கொண்டது. “ஏய், எம் பாஸ்வேர்டு உனக்குத் தெரியுமாடி?” என்கிறாள் என்னிடம். அப்டேட் மேசை மேசையாக வியர்த்து விறுவிறுத்து ஓடுகிறார். இயக்குநர் தன் அறையிலிருந்து “எனக்கு என்ன பாஸ்வேர்டுப்பா வெச்சே?” என்று கத்துகிறார்.

பத்து மணிக்குள் ஒரு மருத்துவமனைக்குச் சிறுநீரகச் சிகிச்சைப் பிரிவின் தண்ணீர் அறிக்கை போயாக வேண்டும். மாடியில் வேலை செய்த ஒரே மின்னஞ்சல் என்னுடையது. இயக்குநர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். 9.40-க்கு அனுப்பினேன். அங்கிருந்து ‘கிடைத்தது’ என்று பதில் வரும்வரை அவரும் நகரவில்லை, நானும் நகரவில்லை.

“அந்தத் தாளை…” என்று ஆரம்பித்தார்.

“உங்க இழுப்பறையில இருக்கு சார்.”

அவரிடம் இன்னும் சொல்லத் தோன்றியது. ஏராளமாகத் தோன்றியது. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன், ஒன்றுவிடாமல், கைகளை ஆட்டி ஆட்டி. “நீ இவ்வளவு பேசி எத்தனை வருஷமாச்சு!” என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

எல்லாக் கணினிகளிலும் குறி நீக்கப்பட்டது. பள்ளிக்கு நானே நேரில் போய், அறிக்கை தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டேன். காரணம் எதுவானாலும் கையெழுத்து என்னுடையது.

ஏப்ரல் 3, வியாழன்

மதியம் அப்டேட் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“மேடம், மேல்மாடியில பிரிண்டர் ஒண்ணு மூணு நாளா மக்கர் பண்ணுது. நேரமிருந்தா ஒரு எட்டு வந்து பாக்கறீங்களா?”

பொறுப்பு அதிகாரியாக இரண்டு அறிக்கைகளில் கையெழுத்திட வேண்டியிருந்தது. போட்டுவிட்டுப் போனேன். படியேறும்போது கேட்டேன், “கடைசியா அதுல என்ன மாத்தினீங்க, எப்போ?”

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். தேதி போட்டு எழுதிவைத்திருந்தார்.