கனைப்புக்கு விட்ட இடம்

மச்சான்,

நேற்று பொன்னேரி பஸ்ஸில் பின்சீட்டில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பீடிப்புகை ஏறிய தொண்டை. முதலில் சின்னதாக ஒன்று, பிறகு பெரிதாக ஒன்று. நான் இருந்த இடத்தைவிட்டு எழுந்தே விட்டேன். திரும்பிப் பார்த்தால் பழவேற்காட்டு பாய் ஒருவர், மடியில் பலாப்பழத்தோடு. "இன்னாண்ணே, எதுனா தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். "ஆமா பாய்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

ஏரியில் இறால் விழுகிற இடங்கள் கொஞ்சம், வலை வைத்திருப்பவர்கள் அதிகம். அதனால்தான் இன்றைக்கு இந்த இடம் இவனுக்கு, நாளைக்கு அவனுக்கு என்று முறை வைத்து, அதற்குப் பாடு என்று பேரும் வைத்தார்கள் நம் ஆட்கள். காலையில் கரையில் நின்று பாடு கூப்பிடுகிற வேலையை என் தலையில் கட்டினார்கள். எட்டாவது வரை படித்தவன் என்பதுதான் என் தகுதி. ஏழாவதை நான் இரண்டு முறை படித்ததை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பேரைக் கூப்பிட்டால் அவனவன் "வந்தேன்" என்பான். நீ மட்டும் உனக்கு முந்தின பேர் முடிந்ததுமே கனைத்துவிடுவாய். இன்னும் கூப்பிடவே இல்லையே என்று கேட்டால், "நீ எழுத்துக்கூட்டி முடிக்கறதுக்குள்ள இறாலு ஆந்திராவுக்குப் பூடும்" என்பாய். கரையே சிரிக்கும். நானும்தான்.

தன் நாளில் வலை கட்டாதவனுக்கு அந்தப் பாடு போனது போனதுதான். காரணம் கேட்கக் கூடாது. இந்தச் சட்டத்துக்காக ஊர்க்கூட்டத்தில் தொண்டை கிழியப் பேசியவனே நீதான். "காரணம் கேக்க ஆரம்பிச்சா வாயுள்ளவன்தான் ஜெயிப்பான். வாயில்லாதவன் எங்க போவான்?" என்றாய். அது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆகாமல் இருந்திருக்கலாம்.

அந்த ஐப்பசியில் என் பெண்ணுக்கு மூன்று வயது. வலைநூல் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பொன்னேரியில் காலைக் காட்சி சினிமாவில் உட்கார்ந்திருந்தேன். இங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி இழுப்பு வந்துவிட்டது. அன்றைக்கு உன் பாடு. வலை கட்ட இரண்டு கழி ஊன்றிவிட்டு மூன்றாவதைக் கையில் வைத்திருந்தாயாம். என் வீட்டுக்காரி கரையில் அலறியது கேட்டதும் கழியைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு வந்தாய். பிள்ளையைத் துண்டில் சுற்றிப் படகில் கிடத்தி, எதிர்காற்றில் பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனாய். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா" என்று ஆரம்பித்த டாக்டர் பேச்சை முடிக்கவே இல்லை என்று இவள் பிறகு சொன்னாள். அந்த நேரத்தில் நான் இடைவேளையில் கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்திருப்பேன்.

நாலாம் நாள் காலையில் ஒரு நல்ல இடம் மீந்தது. அதற்குரியவன் ஊரில் இல்லை. சட்டப்படி அது வரிசையில் அடுத்தவனுக்கு. உனக்குக் கொடுக்கும்படி ஒருத்தரும் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். தவறவிட்ட பாட்டை நம்பித்தான் அந்த மழைக்காலத்துக்கு உன் வீட்டில் அடுப்பு எரியவேண்டும். சுற்று திரும்பி வரும்போது இறால் இருக்காது. இது எனக்கும் தெரியும்.

நீ கனைத்தாய். முதலில் சின்னதாக, பிறகு பெரிதாக.

நான் அடுத்தவன் பேரைக் கூப்பிட்டேன்.

அதுவரை உனக்கு ஒரு நன்றிகூட நான் சொல்லவில்லை மச்சான். சொன்னால் சலுகை காட்டியாகவேண்டும் என்று பயந்து, மூன்று நாளும் உன் வீட்டு வழியாகவே நடக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் ஓடிவந்து நியாயம் பேசினேன். என் பிள்ளைக்காக நான் வளைந்தால் நாளைக்கு எவனையும் கேட்க முடியாது, சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும், நீயே சொன்னதுதானே என்று. நீ பீடியைப் பற்றவைத்தபடி கேட்டுக்கொண்டாய். "சரிதான். எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாய். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாய்.

"கொழந்த கஞ்சி குடிச்சுதா?"

அந்த மழை முழுக்க லைட்ஹவுஸ் குப்பத்துக் கட்டுமரத்தில் கூலிக்குக் கடலுக்குப் போனாய். உப்பில் வெடித்த உன் கையைப் பார்க்கும்போதெல்லாம் நான் மேகத்தைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பதினைந்து வருஷம். அதே பீடி, அதே கிண்டல். என் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றிலும் நீ முன்னால் நின்றாய். ஆனால் பாடு கூப்பிடும்போது மட்டும் நீ கனைக்கவே இல்லை. பின்வரிசையில் நிற்பாய். கூப்பிட்ட பிறகு "வந்தேன்" என்பாய். அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் உனக்கு முந்தின பேரைச் சொல்லிவிட்டு நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

இப்போது என் பெண் வாத்தியார் வேலைக்குப் படிக்கிறாள். போன வாரம் ஒரு பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் பொருந்துகிற விதி எதுவோ அதன்படி நடப்பதே கடமை, வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கக் கூடாது என்று அதில் இருந்தது. சட்டையில்லாத உடம்பில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இத்த நான் அப்பவே செஞ்சிருக்கேன்" என்று அவளிடம் முதல்முதலாக அந்தக் கதையைச் சொன்னேன்.

அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். "அந்த எடத்த மாமாவுக்குக் குடுக்காதது சரியாவே இருக்கட்டும் நைனா. உன் பாடு வர்ற நாள்ல அவர உன் படகுல ஏத்திக்கினு பாதி இறால குடுத்திருக்கலாமே. அதுக்கு எந்தச் சட்டம் குறுக்க நின்னுது?"

இல்லாத காலரை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

"சட்டம் உன் கையக் கட்டல. நீதான் கட்டிக்கினு நின்னுருக்க."

நியாயம் ஒரு கரை, பாசம் ஒரு கரை, நான் நியாயத்தின் கரையில் நின்றேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். உன்னை நினைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு உதைக்கிறது. சட்டத்துக்காகத் தொண்டை கிழியப் பேசியவனும் நீதான், கழியைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஓடிவந்தவனும் நீதான். பாடு போய்விடும் என்று தெரிந்துதான் ஓடிவந்தாய். இரண்டும் உனக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவே இல்லை. நான் நல்லவன் என்று பேர் வாங்கப் பார்த்தேன். நீ பிள்ளை கஞ்சி குடித்ததா என்று பார்த்தாய்.

செத்தவன் பேரைக் கூப்பிடக் கூடாது என்பதும் சட்டம். உன் பேரைப் பாடு நோட்டில் நானே கோடு போட்டு அடித்தேன்.

ஆனால் காலையில் உனக்கு முந்தின பேர் முடிந்ததும் என் நாக்கு நின்றுவிடுகிறது. ஏரியில் அலை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. "பெரியவருக்குக் கண்ணு மங்கிப்போச்சுடா, கண்ணாடி வாங்கிக் குடுங்க" என்று பையன்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கண் நன்றாகத்தான் இருக்கிறது மச்சான். நீ கனைக்க இடம் விட்டு நிற்கிறேன்.