காய்ந்த விரிப்பு

தம்பிக்கு,

அப்பாவுக்கு இன்று இரண்டாவது டயாலிசிஸ். போன வாரம் மூன்று நாள் வயிற்றுப்போக்கு. அப்போதும் ரத்த அழுத்த மாத்திரையையும் முட்டிவலி மாத்திரையையும் நான் ஒருவேளைகூடத் தவறவிடவில்லை.

தினமும் அவர் நனைத்துவிடுகிற படுக்கை விரிப்பு பிறகு இரண்டு நாள் காய்ந்தே கிடந்தது. "உன் துவைக்கிற வேலைக்கு லீவு விட்டுட்டேன்மா" என்றார் அப்பா. நானும் சிரித்தேன்.

"கடைசியா எப்ப யூரின் போனார்?" என்று டாக்டர் கேட்டபோதுதான் விளங்கியது. வயிற்றுப்போக்கு தொடங்கியதுமே அந்த மாத்திரைகளை நிறுத்துவதா என்று கேட்டிருக்க வேண்டுமாம். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அவை சிறுநீரகத்தைப் பாதிக்குமாம். சிறுநீரகம் தேறிவிடும் என்கிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை.

"என் பொண்ணு ஒருவேள மாத்திரகூட விட்டதில்ல" என்று நர்ஸிடம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். தனியாக என்னால் முடியாது. வா.

அக்கா