மூன்றாவது சீட்டி

என் செல்லத் தம்பி செந்திலுக்கு,

சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு எட்டு மணிக்கு எழுப்பினாலும் எழாதவன், நாரையைப் பார்க்க நாலரைக்கே என் கதவைத் தட்டுவாயே, அந்த ஏரிக்கு நேற்றுப் போயிருந்தேன். நீ போன பிறகு இதுதான் முதல் தடவை. மாரண்டஹள்ளியில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். இந்த வருஷம் நல்ல மழை. பறவைகளுக்கென்று புதிதாக வேலி போட்டிருக்கிறார்கள். நீ பார்க்க ஏங்கிக் கிடந்த கூழைக்கடாவும் பறந்து வந்துவிட்டது. உன் பைனாகுலர் என்னிடம்தான் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன். நான் இக்கரைப் பாறையில் உட்கார்ந்து பறவைகளை எண்ணி நோட்டில் குறிப்பேன், நீ அக்கரையில் கருவேல மரத்தடியில். கத்தினால் பறவைகள் கலைந்துவிடும் என்று நமக்குள் சீட்டியில்தான் பேச்சு. இரண்டு அடித்தால், வா. மூன்று அடித்தால், அசையாதே, பறவை பக்கத்தில் இருக்கிறது.

நீ போன அன்றைக்கு மூன்று கேட்டது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் இருந்தேன். வெயில் ஏறியும் நீ வரவில்லையே என்று சுற்றிக்கொண்டு வந்தால், மரத்தடியில் கிடந்தாய். மாரடைப்பு என்றார்கள். உயிர் போகிற நேரத்தில் ஒருத்தன் எதற்கடா அசையாதே என்று சொல்வான்? ஒரு வருஷமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஏரிக் காவலர் மாதையன் துணைக்கு வந்தார். "அந்த மரத்துல ஒரு குருவி கூட உக்கார்றதில்லீங்கக்கா" என்றார். உண்மைதான். ஏரி முழுக்க நாமக்கோழியும் நீர்க்காகமும் கத்திக்கொண்டிருக்க, அங்கே மட்டும் ஒரு சத்தமும் இல்லை. நீ கிடந்த இடத்தில் நின்று, பைனாகுலரில் என் பாறையைப் பார்த்தேன்.

பாறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு. அன்றைக்கு நான் கட்டியிருந்த அதே பச்சைச் சேலை.

"யாருங்க அது, பாறை மேல?"

"எங்கீங்க? பாறை சும்மாதான கெடக்குது."

என்னையறியாமல் உதடு குவிந்தது. வா என்று இரண்டு அடித்தேன். அவள் திரும்பவில்லை. கேட்கவில்லையோ என்று பதறி, மறுபடியும் இரண்டு அடிக்கப் போனேன். ஒன்றுதான் வந்தது, அதற்குள் மூச்சு அடைத்துக்கொண்டது.

முதல் இரண்டோடு சேர்த்து அவளுக்கு அது மூன்று. நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்துவிட்டாள்.

"வூட்டுக்குப் போலாங்கக்கா, மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்குது" என்றார் மாதையன்.

நீ என்னைத்தான் கூப்பிட்டாய், இல்லையா செந்தில்? நான் வராததை அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாயா?

வருகிற ஞாயிறும் வருவேன். என் பாறையில்தான் உட்காருவேன். எத்தனை சீட்டி கேட்டாலும் இனி எண்ண மாட்டேன். சேறானாலும் தண்ணீரானாலும் எழுந்து நேராக உன்னிடம் ஓடி வருவேன்.

நீ சொன்னதாக நினைத்து உட்கார்ந்தே இருந்துவிட்ட,
உன் அக்கா